றெஜிபோம் பெட்டி

மீனோ என்று கேட்டான் கொண்டக்டர்.
ஓம் என்றேன்.
துணுக்காயிலிருந்து கிளிநொச்சி மட்டும்
மடியில் றெஜிபோம் பெட்டி,
ஐசுக்குள் இரண்டு நாள் வயதில் செத்த
செம்மறிக் குட்டி.
உருகின தண்ணீர் சட்டையால் இறங்கி
முழங்காலை நனைத்தது.

இந்த மாரியில் இது ஆறாவது.
முதலாவது பிறந்த அன்றே போனது.
வாய் குளிர்ந்து, கடைவாயில் எச்சில் நூலாக இறங்க
ஒரு சொட்டும் குடிக்காமல்
வயிறு மட்டும் ஊதிக்கொண்டு வந்தது.
தூக்கிக் குலுக்கினால் உள்ளே
அரைக்குடத் தண்ணீரின் சத்தம்.
அடுத்த இரண்டும் இரட்டையள்.
மஞ்சளாகக் கழிந்து
வால் பின்தொடையில் ஒட்டிப் போய்க் கிடந்தன.
நாலாவதுக்கு மூட்டுகள் வீங்கின.
பத்து நாள் இருந்தது. தாயிடம்
மண்டியிட்டே போகும், மண்டியிட்டே குடிக்கும்.
ஐந்தாவதை நான் காணவில்லை.
நாய் கண்டிருந்தது.

திட்டத்தில் தந்த மறிகள். காதில் மஞ்சள் இலக்கம்.
தந்த அன்று படம் எடுத்தார்கள்:
கயித்தைக் கொஞ்சம் உயத்திப் பிடியுங்கோ அக்கா,
இன்னும் கொஞ்சம் சிரியுங்கோ.

நாவூறு என்றார் பக்கத்து வளவுப் பொன்னுத்துரை.
அவர் மனுசி சொன்னா,
முதல் பால் கெட்டது, கறந்து ஊத்து.
ஊத்தினேன்.
வேலியோரம், நாலு நாளும், நானே.

மிருக வைத்தியர் வினோதரன் சின்னப் பொடியன்.
கையுறை போட்டுக் கீறி
ஈரலைத் திருப்பிக் காட்டினார்.
உழுந்தளவில் சீழ்ப் பொட்டுகள்.
தொப்புளைத் தொட்டு,
இதுதான் அக்கா வாசல், என்றார்.
கறந்து ஊத்தின கதையைச் சொன்னதும்
கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.
ஒன்றும் பேசவில்லை. அது பேச்சை விட மோசம்.

எட்டாம் நாள் போனில் இரண்டு பெயர் வந்தது.
கரண்ட் பில்லின் பின்பக்கம் எழுதினேன்.
ஈ கோலை.
மற்றதை மூன்று தரம் சொல்லச் சொன்னேன்:
கிளொஸ்ட்ரிடியம்.
'அது மண்ணுக்குள்ள கிடக்கும் அக்கா. வித்து மாதிரி.
வெயில் மழை ஒண்டும் செய்யாது.
வருசக் கணக்கிலயும் காத்துக்கொண்டு கிடக்கும்.
விளங்குதோ?'

விளங்கியது.
ஏழு வருசம் முகமாலையில்
மிதிவெடி எடுத்தவள் நான்.
முகக்கவசத்துக்குள் மூச்சு அவிய
ஒரு மீற்றர் அகலப் பாதையில்
நாளுக்கு ஒரு பாய் விரிக்கிற அளவு நிலம்.
அங்கே கருவி கத்தும்.
இதில் இரும்பில்லை.

அன்று பின்னேரம் கொட்டிலுக்குள்
முழங்காலில் இறங்கினேன், பழைய பழக்கத்தில்
இடமிருந்து வலமாக.
ஈரச் சாணியை விரல்கடை ஆழத்துக்கு வழித்தேன்,
சுண்ணாம்பு தூவினேன், வைக்கல் மாற்றினேன்.
மூலையில் காய்ந்த கொடித் துண்டொன்று,
கறுத்த நூல்போல.
எந்தக் குட்டியின்ரையோ.

ஏழாவது மழைக்குள், இரவு.
417ஆம் மறி.
யோகட் கோப்பையில் அயடீன்.
தொப்புள்கொடியை முழுதாக அமிழ்த்தி
கோப்பை விளிம்பு வயிற்றில் அழுந்தப் பிடித்தேன்.
எடுத்தபோது மண்ணிற வளையமொன்று மிஞ்சியது.
பிறகு கடும்பு,
நான் வேலியோரம் ஊத்தின அதே பால்,
பிலாப்பால் மாதிரி விரலில் ஒட்டும் மஞ்சள்.
அரை மணித்தியாலத்துக்குள் குடித்தது.

முதலாம் நாள் விரலை வாய்க்குள் விட்டுப் பார்த்தேன். சூடு.
இரண்டாம் நாள் சூடு.
மூன்றாம் நாள் இரவு பார்க்கவில்லை.
ஏனென்று என்னைக் கேட்காதேங்கோ.

இன்று விடிய
தேத்தண்ணி வைத்தேன், ஆறவிட்டேன்.
பாதி குடிக்கக் கொட்டில் பக்கம் ஒரு கத்தல்.
தாயோ குட்டியோ தெரியவில்லை;
குட்டி செத்தாலும் தாய் கத்தும்.
களத்தில் சொல்லித் தந்திருந்தார்கள்,
சத்தம் கேட்டவுடன் ஓடக் கூடாது.
நின்று, கால் வைக்கிற இடம் பார்த்து.

கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தேன்.
செருப்பைத் தேடினேன்.